ஓரியூர் வழி – 11: விபூதிப் புதன்

சென்ற வாரம் இராமநாதபுரம் கோட்டைக்குள் மதுரை மிஷன் துறவி அருளானந்தரைக் கொண்டுபோய் விட்டிருந்தேன். தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றதும், மூத்தவளைத் தவிர மற்ற மனைவியரை விலக்கியதும், அவர்களில் இளையவளான கடலாயி சேதுபதியிடம் போய் முறையிட்டதும் தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் கிழவன் சேதுபதியின் முன் நடந்ததை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கான குறிப்புகள் மேசை மேல்தான் இருக்கின்றன. ஆனால் நான்கு நாட்களாக ஒரு தேதி என்னை விடவில்லை. அதைச் சொல்லி முடிக்காமல் விசாரணைக்குள் நுழைய என்னால் முடியவில்லை.

1693 பிப்ரவரி 4. ஓரியூரில் பாம்பாற்றங்கரை மேட்டில் அவர் தலை வெட்டப்பட்ட நாள். அது புதன்கிழமை. கத்தோலிக்கர்கள் நாற்பது நாள் தவத்தைத் தொடங்கும் சாம்பல் புதன். அவரைப் பற்றிய நூல்கள் பலவற்றிலும் இந்தச் செய்தி ஒரு வரியாக வரும். நானும் பத்து முறை படித்துக் கடந்திருக்கிறேன்.

என்னை அந்த வரியில் நிறுத்தியது பொத்தேரி ஸ்டேஷன். இந்த ஆண்டு, 2026 பிப்ரவரி 18 அன்று காலை, தாம்பரம் போகும் மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஒரு கல்லூரி மாணவி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கறுஞ்சாம்பலில் சிலுவை. அவள் பக்கத்தில், நெற்றியில் மூன்று பட்டை இட்ட ஒரு பாட்டி. ரயில் கூடுவாஞ்சேரி தாண்டும் வரை பாட்டி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டேவிட்டார்.

“ஏம்மா, உங்க கோயில்லயும் துண்ணூறு குடுப்பாங்களா?”

“இன்னிக்கு மட்டும் பாட்டி. திருநீற்றுப் புதன்.”

“அப்படியா! எதுல எடுக்குறாங்க? சாணத்துலயா?”

“இல்ல பாட்டி, போன வருஷத்துக் குருத்தோலை. எல்லார் வீட்லயும் வாங்கி எரிச்சு எடுப்பாங்க.”

பாட்டிக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. ஓலைச் சாம்பல் நல்லதுதான் என்று தலையாட்டினார். வண்டலூரில் அந்தப் பெண் இறங்கிப் போனாள்.

திருநீற்றுப் புதன். எங்கள் தெருவில் உள்ள வயதான கத்தோலிக்கர்கள் இன்னும் விபூதிப் புதன் என்றே சொல்கிறார்கள். இந்தச் சொல்லை வேற்று நாட்டிலிருந்து யாரும் கப்பலில் கொண்டுவந்திருக்க முடியாது. இங்கே இருந்த ஒரு சொல்லை எடுத்து, அங்கிருந்து வந்த ஒரு நாளுக்குச் சூட்டியிருக்கிறார்கள். அருளானந்தரின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும் என்று அன்று தாம்பரத்தில் இறங்கும்போது தோன்றியது. வீடு திரும்பியதும் பழைய நாட்கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஈஸ்டர் எப்போது வரும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். ஆகவே ஈஸ்டர் எவ்வளவு முந்தினாலும் மார்ச் 22-க்கு முன் வராது. அதிலிருந்து 46 நாள் பின்னுக்குப் போனால் சாம்பல் புதன். சாதாரண ஆண்டில் அது பிப்ரவரி 4. அதற்கு முந்திய தேதியில் சாம்பல் புதன் வரவே வராது.

1693-இல் ஈஸ்டர் மார்ச் 22. சாம்பல் புதன், வரக்கூடிய மிக முந்திய தேதியில், பிப்ரவரி 4-இல் வந்தது. 1582-இல் புதிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்ததிலிருந்து இன்றுவரை இப்படி நேர்ந்தது நான்கே முறை: 1598, 1693, 1761, 1818. அடுத்தது 2285. இன்று உயிரோடு இருக்கும் எவரும் அப்படி ஒரு சாம்பல் புதனைப் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. அந்த நான்கில் ஒன்றில்தான் ஓரியூரில் அரிவாள் ஓங்கப்பட்டது.

பௌர்ணமியை வைத்து ஈஸ்டர் வருவதால், சாம்பல் புதன் எப்போதுமே ஓர் அமாவாசையை ஒட்டித்தான் வரும். இந்த ஆண்டையே பாருங்கள்: பிப்ரவரி 15 ஞாயிறு சிவராத்திரி, 17 செவ்வாய் அமாவாசை, 18 புதன் சாம்பல் புதன். 2018-லும் அப்படித்தான்: பிப்ரவரி 13 சிவராத்திரி, மறுநாள் சாம்பல் புதன். சைவர் கண்விழித்துத் திருநீறு பூசும் நாளும் கத்தோலிக்கர் சாம்பல் பூசும் நாளும் பல ஆண்டுகளில் ஒரே வாரத்தில் விழுகின்றன. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இத்தனை நாள் இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறோம்.

1693-க்கு அமாவாசையைக் கணக்கிட்டேன். பிப்ரவரி 4 புதன்கிழமை தொடங்கி மறுநாள் வியாழன் முற்பகலில் முடிகிறது. நாழிகைக் கணக்கில் சற்று முன்பின் ஆகலாம், நாள் அதுதான். அந்தக் காலத்தில் தை மாதம் இப்போதையதைவிட நான்கைந்து நாள் முன்பே பிறந்துவிடும். அதனால் அது தை மாதத்தின் கடைசி வாரம். ஆங்கீரச ஆண்டு, தை அமாவாசை.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் வாசகர்கள் நம்ப வேண்டும். எந்த நாட்டில் நடந்த கொலை இது? சேது நாட்டில். அந்த நாட்டு அரசனுக்குச் சேதுபதி என்று பெயரே சேதுக்கரையைக் காப்பதால் வந்தது. தை அமாவாசை என்றால் சேதுவில் நீராட, முன்னோருக்கு நீர்க்கடன் தர, நாலா திசையிலிருந்தும் மக்கள் போகும் நாள். ஒரு பக்கம் இராமேசுவரம் நோக்கி யாத்திரிகர்கள். இன்னொரு பக்கம், இராமநாதபுரத்திலிருந்து வடக்கே ஓரியூருக்கு, காவி உடுத்திய ஒரு வெள்ளைக்காரத் துறவியைக் காவலர்கள் நடத்திக்கொண்டு போகிறார்கள். ஜனவரி 31 சனிக்கிழமை அவர் ஓரியூர் போய்ச் சேர்ந்தார்.

மாலையில் தாம்பரத்திலிருந்து கிளம்பும் ராமேஸ்வரம் ரயில் பொத்தேரியில் நிற்காமல் போகும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தோடு விடப்பட்ட ரயில் அது. இப்போதெல்லாம் அது கடக்கும்போது ஜன்னல்களைப் பார்க்கிறேன். காரைக்குடி, மானாமதுரை வழியாக அது போகும் தடத்துக்குக் கிழக்கே, திருவாடானை வட்டத்தில் இருக்கிறது ஓரியூர்.

தேதியைப் பற்றி இன்னும் ஒன்று. அது நம் சென்னையில் நடந்தது. அன்று சாந்தோமில் இருந்த போர்ச்சுகீசியர்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் பிப்ரவரி 4, புதன். அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் வடக்கே ஜார்ஜ் கோட்டைக்குள் நதானியேல் ஹிக்கின்சன் கவர்னர். எலிஹு யேல் பதவி இழந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆங்கிலேயர்கள் போப்பாண்டவரின் நாட்காட்டியை ஏற்காதவர்கள். 1752 வரை ஏற்கவில்லை. அவர்களுக்கு அன்று ஜனவரி 25. ஆண்டும் வேறு: மார்ச் 25-இல்தான் அவர்களுக்குப் புத்தாண்டு என்பதால் அவர்கள் வழக்கில் 1692 இன்னும் முடியவில்லை. அவர்களுடைய ஈஸ்டர் ஏப்ரல் 16. கோட்டைக்குள் 1680-இல் திறந்த தூய மேரி ஆலயத்தில் சாம்பல் புதன் வந்தது சாந்தோமுக்கு ஐந்து வாரம் கழித்து.

ஒரே கடற்கரை. கோட்டையில் ஒரு தேதி, சாந்தோமில் ஒரு தேதி, ஊருக்குள் தை அமாவாசை. மூன்று கணக்கும் அவரவர்க்குச் சரி. எந்தக் கணக்கை வைத்து எந்த மக்களோடு வாழ்வது என்பதுதான் அருளானந்தரின் வாழ்க்கைக் கேள்வியாக இருந்தது. லிஸ்பன் அரண்மனையில் இளவரசர் பெத்ருவின் பணிச்சிறுவனாக இருந்தவர் 1674-இல் மதுரை மிஷனுக்குள் நுழைந்ததும் தேர்ந்துகொண்டது பண்டார சுவாமி வேடம். காவி, மரக்கறி உணவு, தரையில் படுக்கை. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகரான நோபிலியின் வழி பிராமண சந்நியாசி வழி. அந்த வழியில் போனவர்கள் தாழ்த்தப்பட்டவர் தெருவுக்குள் போக முடியாது. பண்டார சுவாமிக்கு எல்லாச் சாதியாரிடமும் போக வழி இருந்தது. சாதியை அவர்கள் ஒழித்துவிடவில்லை, அதை ஏழாம் வாரத்தில் சொல்லிக் கடிதங்களும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் நோபிலியைவிட ஓரடி கீழே இறங்கி நின்றவர்கள் பண்டார சுவாமிகள் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

சாம்பலுக்கு வருவோம். பிப்ரவரி 3 செவ்வாய், அதாவது சாம்பல் புதனுக்கு முந்திய நாள், ஓரியூர்ச் சிறையிலிருந்து அவர் மதுரை மிஷனின் தலைவர் பிரான்சிஸ் லைனெஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். மை கிடையாது. கரியைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டார். எழுதுகோலும் கிடையாது, கையில் அகப்பட்ட துரும்புதான். தன்மீது சாட்டப்பட்ட குற்றம் தான் கற்பித்த மதம்தான் என்றும், அதற்காகச் சாவது தனக்குப் பெருமை என்றும் எழுதினார். எட்டு ஆண்டுக்கு முன் அவரே அந்த மிஷனின் தலைவராக இருந்தவர். பின்பு மிஷனின் பிரதிநிதியாக ஐரோப்பா போய், அரசர் இருக்கச் சொல்லியும் இருக்காமல் திரும்பியவர். அப்படிப்பட்டவர் தனக்குப் பின் வந்த தலைவருக்குக் கரியால் எழுதுகிறார். மறுநாள் மற்ற ஊர்க் கோயில்களில் சாம்பல் பூசப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. திருவழிபாட்டு நாட்களை விரல்நுனியில் வைத்திருந்தவர் அவர். தடியத்தேவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளில். அந்தத் திருநாளுக்கும் சாம்பல் புதனுக்கும் இடையே 29 நாள். முதல் நாள் ஓர் அரச குலத்தவரின் தலையில் தண்ணீர் ஊற்றினார், இருபத்தொன்பது நாள் கழித்துத் தன் தலையைக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தைப் பெற்ற லைனெஸ் சாதாரண ஆள் அல்ல. வேதசாட்சியின் முடிவைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர். பின்னாளில் மயிலாப்பூர் ஆயரானார். இன்று பொத்தேரியும் தாம்பரமும் 2002-இல் பிரிந்த செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் இருக்கின்றன. பழைய மயிலாப்பூரின் வழிவந்த நிலம்தான் இது. நடுவில் லைனெஸ் வேறொரு போரும் நடத்த வேண்டியிருந்தது. அதுவும் சாம்பலைப் பற்றியது.

அருளானந்தர் இறந்து 11 ஆண்டு கழித்து, 1704 ஜூனில், போப்பின் தூதரான துர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை வெளியிட்டார். மதுரை மிஷனின் பழக்கங்கள் பலவற்றை அது தடுத்தது. பிள்ளையார் உருவம் உள்ள தாலி கூடாது. திருமணத்தில் தேங்காய் உடைப்பது கூடாது. ஞானஸ்நானச் சடங்கில் எச்சில் தொட்டு வைக்கும் பகுதியை, நம் மக்கள் அருவருப்பார்கள் என்று குருக்கள் விட்டிருந்தார்கள். இனி விடக் கூடாது. நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் குருக்கள் போக வேண்டும் என்பதும் அதில் உண்டு, அந்த ஒரு கட்டளைக்காக நான் துர்னோனை வணங்குகிறேன். இந்துக்கள் இடும் முறையில் நெற்றியில் சாம்பலும் குறிகளும் இடக் கூடாது என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது.

லைனெஸ் ரோமுக்குப் போய் வாதாடினார். 1707-இல் மதுரை மிஷனின் பக்கத்தை விளக்கி ஒரு நூலையே அச்சிட்டார். கரியால் எழுதிய கடிதத்தைக் கையில் வாங்கிய மனிதர், சாம்பல் பூசலாமா கூடாதா என்ற வழக்கில் நிற்கிறார்.

அந்த வழக்கு இறந்தவரையும் விடவில்லை. அருளானந்தரைப் புனிதர் வரிசையில் சேர்க்கும் முயற்சி தொடங்கியதும் கேள்வி எழுந்தது: இவரும் அந்தப் பழக்கங்களைக் கைக்கொண்டவர்தானே? தடுக்கப்பட்ட சடங்குகளைச் செய்தவரைப் பீடத்தில் ஏற்றலாமா? 1741-இல் போப் 14-ஆம் பெனடிக்ட், அந்தச் சடங்குகள் இவருக்குத் தடையாகாது என்று தீர்ப்பளித்தார். அதே போப் மூன்று ஆண்டு கழித்து அந்தச் சடங்குகளுக்கு இறுதித் தடையும் விதித்தார். 1853-இல்தான் அருளானந்தருக்கு முத்திப்பேறு பட்டம் கிடைத்தது. 160 ஆண்டு. புனிதர் பட்டம் 1947 ஜூன் 22-இல், இந்தியா விடுதலை பெற 54 நாள் இருக்கும்போது. ஓரியூரில் சில நாளில் முடிந்த வழக்கு ரோமில் முடிய இத்தனை காலம் ஆயிற்று. இரண்டு வழக்கிலும் குற்றச்சாட்டு ஏறக்குறைய ஒன்றுதான் என்பது என் துணிபு. சேதுபதியின் அவையில் அவர் இந்த மண்ணின் வழக்கத்தைக் குலைத்தவர். ரோமில் இந்த மண்ணின் வழக்கத்தில் மிகுதியும் கலந்தவர்.

இடம் குறைந்துவிட்டது. பக்கம் நாளை அச்சுக்குப் போக வேண்டும். அந்தப் புதன்கிழமையை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இராமநாதபுரத்தில் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட தீர்ப்பு நாடுகடத்தல். ஓரியூரை ஆண்ட தன் தம்பி உடையத்தேவருக்குச் சேதுபதி ரகசியமாக அனுப்பிய ஓலையில் இருந்தது மரணம். உடையத்தேவர் நோயாளி, துறவியிடம் தன் நோயைத் தீர்க்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். மந்திரி முருகப்ப பிள்ளை தாமதத்தை விரும்பவில்லை. புதன்கிழமை அவரை ஆற்றங்கரை மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். சற்று நேரம் முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டார். வெட்ட வந்தவனை எழுந்து அணைத்துக்கொண்டார். அவர் கழுத்தில் ஒரு திருப்பண்டச் சிமிழ் தொங்கியது. அதை ஏதோ மந்திரத் தாயத்து என்று அஞ்சி, கையால் தொடாமல் அரிவாளாலேயே கயிற்றை அறுத்தான் வெட்ட வந்தவன், அதில் ஒரு காயம் பட்டது. பிறகு தலை. பிறகு கைகளும் கால்களும். உடலைக் கழுமரத்தில் ஏற்றினார்கள். அவருக்கு 46 வயது நிறைய இன்னும் 25 நாள் இருந்தது.

செய்தி லிஸ்பன் போய்ச் சேர்ந்தபோது அரசர் பெத்ரு நன்றி வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார். அவருடைய தாய் துக்க உடையில் வரவில்லை, விழா உடையில் வந்தார் என்கிறார்கள். ஓரியூரில் அந்த மேட்டு மணல் செந்நிறம். அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று நம்பி, மக்கள் அதை அள்ளிப் போகிறார்கள், நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். திருநீற்றைப் போலவே.

இனி கிழவன் சேதுபதியும் கடலாயியும். அவர்களுக்கு அடுத்த வாரம் முழுவதையும் ஒதுக்குகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். அருளானந்தர் கதையைச் சொல்பவர்கள் பழியைத் தூக்கிக் கடலாயி தலையில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நாள் காலையில், நீ இனி மனைவி அல்ல, தங்கை போல இரு என்று வீட்டுக்காரர் சொன்னால் அந்தப் பெண் யாரிடம் போவாள்? பிறந்த குடும்பமான சேதுபதி குடும்பத்திடம்தான் போவாள். அவள் கேட்டது நியாயம். அரசுரிமைக்குப் போட்டியாக நின்ற தடியத்தேவரின் பின்னால் ஒரு புதிய மதக் கூட்டம் திரள்வதைச் சேதுபதி எப்படிப் பார்த்தார், 1686-இல் மங்கலத்துச் சித்திரவதைக்குப் பிறகு தானே விடுதலை செய்து, இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிய துறவி திரும்பி வந்ததை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை வைத்துத்தான் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். அந்த ஓலையை எழுதியது அரசு. கடலாயி அல்ல.

திருவாடானை, தேவகோட்டை, சருகணிப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் அருளானந்தர் நாடகம் போட்டிருந்தால், அதில் கடலாயி வேடம் கட்டியவர் சேதுபதியிடம் என்ன பேசினார் என்பது யாருக்காவது நினைவிருந்தால், வீட்டில் பழைய நாடக நோட்டு இருந்தால், அடுத்த திங்களுக்குள் எனக்கு எழுதுங்கள். அவள் குரலை நான் கேட்க வேண்டும்.

(தொடரும்)